புதிய ஜெர்மன் கார், ஆறு வயது ஜெர்மன் கார், ஆறு வயது லெக்சஸ்: சிங்கப்பூரில் சொகுசுக் காரின் உண்மைச் செலவு

உட்லண்ட்ஸில் வசிக்கும் என் அத்தானுக்கு ஐம்பத்துநான்கு வயதாகிறது. இருபத்தெட்டு ஆண்டுகள் கப்பல் பட்டறையில் உழைத்து, இரண்டு பிள்ளைகளையும் பல்கலைக்கழகம் வரை படிக்கவைத்துவிட்டு, இப்போதுதான் தனக்கென்று ஒரு பெரிய செலவைப் பற்றி யோசிக்கிறார். அவருக்கு ஒரு சொகுசுக் கார் வேண்டும். ஆசை மட்டும் காரணமில்லை. அவருடைய அம்மாவை வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்று திரும்பக் கூட்டி வர வேண்டும்; தீபாவளி, பொங்கல், கல்யாணம் காட்சி என்று ஆண்டுக்கு நான்கைந்து முறை ஈப்போவில் இருக்கும் சொந்தங்களைப் பார்க்கவும் போக வேண்டும். 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து நாங்கள் இருவரும் சனிக்கிழமைகளில் லெங் கீ சாலைக் காட்சியகங்களையும் பழைய கார் விற்பவர்களையும் சுற்றி வருகிறோம். காரைச் சாலையில் ஓட்டும் உரிமைக்கான சான்றிதழை, அதாவது சிஓஇ-யை, மனத்தில் வைத்து அவர் முதல் நாளே சொன்ன வாதம் இது: "சிஓஇ-க்கே ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்கப் போகிறோம். அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் நல்ல காராகவே வாங்கிவிடலாமே, தம்பி?"

சிங்கப்பூரில் கார் வாங்க நினைக்கும் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் தோன்றும் எண்ணம்தான் இது. வாங்கும் விலையைப் பொறுத்தவரை இது சரியான வாதம். வாங்கிய பிறகு வரும் செலவைப் பொறுத்தவரை இது தவறான வாதம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், அத்தானுக்காகப் போட்ட கணக்கை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். தொகைகள் அனைத்தும் 2025-ஆம் ஆண்டின் விதிகளை ஒட்டியவை.

வாங்கும் விலை: பெரும்பகுதியைச் சட்டமே தீர்மானிக்கிறது

வாகன உரிமைச் சான்றிதழ் என்னும் சிஓஇ, 1990-இல் நடைமுறைக்கு வந்தது. மாதத்திற்கு இருமுறை ஏலம். வென்றவருக்குப் பத்து ஆண்டுகள் காரைச் சாலையில் ஓட்டும் உரிமை. முன்பு 1,600 சிசி வரையிலான எஞ்சின் கொண்ட கார்கள் எல்லாமே 'ஏ' பிரிவில் வந்ததால், சிறிய எஞ்சின் பொருத்திய ஜெர்மன் கார்களும் சாதாரணக் குடும்பக் கார்களோடு அதே ஏலத்தில் போட்டியிட்டன. அதைத் தடுக்கவே 2014 பிப்ரவரியிலிருந்து 97 கிலோவாட் என்ற திறன் வரம்பையும் சேர்த்தார்கள். எனவே இன்று பெரும்பாலான சொகுசுக் கார்கள் 'பி' பிரிவில்தான் வருகின்றன. 2023 அக்டோபரில் 'ஏ' பிரிவின் கட்டணம் 106,000 வெள்ளியாகவும் (சிங்கப்பூர் டாலர்) 'பி' பிரிவின் கட்டணம் 150,001 வெள்ளியாகவும் ஏறியிருந்தது. அப்போது இரண்டுக்கும் நல்ல இடைவெளி இருந்தது. 2025-இல் அந்த இடைவெளி பல ஏலங்களில் இருபதாயிரத்தை ஒட்டிச் சுருங்கிவிட்டதுதான் அத்தானின் வாதத்துக்கு வலு சேர்க்கிறது.

ஆனால் சான்றிதழுக்கு அடுத்த பெரிய தொகை கூடுதல் பதிவுக் கட்டணம். இது காரின் திறந்த சந்தை மதிப்பை, அதாவது இறக்குமதியாகும்போது சுங்கத்துறை கணிக்கும் மதிப்பை, அடிப்படையாகக் கொண்டது; இனி காரின் மதிப்பு என்று சொல்வதெல்லாம் இதைத்தான். 2023 பிப்ரவரியில் மாற்றப்பட்ட விகிதங்களின்படி முதல் 20,000 வெள்ளி மதிப்புக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000-க்கு 140, அதற்கடுத்த 20,000-க்கு 190, அதற்கும் அடுத்த 20,000-க்கு 250, அதற்கு மேல் 320 விழுக்காடு என்று படிப்படியாக ஏறுகிறது. மதிப்பு உயர உயர வரி அதைவிட வேகமாக உயரும் என்பதே இதன் பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு. 45,000 வெள்ளி மதிப்புள்ள நடுத்தர அளவு ஜெர்மன் காரை எடுத்துக்கொள்வோம். கூடுதல் பதிவுக் கட்டணம் 57,500. இருபது விழுக்காட்டுக் கலால் தீர்வை 9,000. மதிப்பும் தீர்வையும் சேர்ந்த தொகைக்கு ஒன்பது விழுக்காட்டுப் பொருள் சேவை வரி 4,860. பதிவுக் கட்டணம் 350. சிஓஇ 120,000 என்று வைத்தால், முகவரின் இலாபமும் செலவும் சேரும் முன்பே 236,710 வெள்ளி ஆகிவிடுகிறது. காட்சியகத்தில் 260,000 வெள்ளி கேட்பார்கள் என்று கொள்வோம். இதே முறையில் 22,000 வெள்ளி மதிப்புள்ள சாதாரணக் குடும்பக் காருக்கு, சிஓஇ 100,000 என்று வைத்தால், அடக்கம் 151,926. விலை 170,000 என்று கொள்ளலாம்.

2025-இல் பதிவான காரைப் பத்தாம் ஆண்டு முடிவில் பதிவிலிருந்து நீக்கும்போது கூடுதல் பதிவுக் கட்டணத்தில் பாதி திரும்பக் கிடைக்கும். கார் விற்பவர்கள் இதைப் 'பார்ஃப்' என்பார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் நீக்கினால் 75 விழுக்காடு, பிறகு ஆண்டுக்கு ஐந்து ஐந்தாகக் குறைந்து கடைசியில் 50. இந்தக் கழிவைத் திருப்பிக்கொண்டு ஆண்டுத் தேய்மானத்தைப் பார்த்தால், ஜெர்மன் காருக்கு 23,125 வெள்ளி, குடும்பக் காருக்கு 15,860 வெள்ளி. வேறுபாடு ஆண்டுக்கு 7,265 வெள்ளி. மாதத்துக்கு ஏறத்தாழ அறுநூறு. இந்த அறுநூறு வெள்ளிக்கு அமைதியும், இருக்கையின் சொகுசும், பாதுகாப்பு வசதிகளும், ஒருவர் நெடுங்காலம் மனத்தில் வைத்திருந்த ஆசையும் கிடைக்கின்றன என்றால், அதை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025-இல் பதிவான கார்களின் பார்ஃப் தொகைக்கு, 2023 பிப்ரவரியில் வந்த 60,000 வெள்ளி உச்சவரம்பு பொருந்தும். கார் மதிப்பு 56,800 வெள்ளிக்குள் இருக்கும்வரை எந்த ஆண்டில் நீக்கினாலும் இந்த வரம்பு குறுக்கிடாது. 74,000-ஐத் தாண்டினால் பத்தாம் ஆண்டிலும்கூட வர வேண்டிய பணத்தின் ஒரு பகுதி வராமல் போகும். உயர்வகைப் பெரிய மாடல்களை அத்தான் ஏக்கத்தோடு பார்த்தபோது நான் அவரை மெல்ல நகர்த்திக்கொண்டு போனதற்கு இதுவே முதல் காரணம்.

ஆறு வயது ஜெர்மன் கார்: மலிவாகத் தெரிவதும் மலிவாக இருப்பதும்

புதிய கார் கட்டுப்படியாகாதவர்கள் அடுத்து நோக்குவது, ஐந்தாறு ஆண்டுகள் ஓடிய அதே கார். 2019-இல் பதிவான, 42,000 வெள்ளி மதிப்புள்ள ஒரு ஜெர்மன் செடானுக்கு எங்களிடம் 104,000 வெள்ளி கேட்டார்கள். புதிய காரின் விலையில் பாதிகூட இல்லை என்று அத்தானின் முகம் மலர்ந்தது. நான் கைத்தொலைபேசியில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அன்றைய விகிதப்படி அந்தக் காருக்குச் செலுத்திய கூடுதல் பதிவுக் கட்டணம் 50,800. பத்தாம் ஆண்டில் திரும்ப வருவது 25,400. மீதமுள்ள 78,600 வெள்ளியை எஞ்சியிருக்கும் நான்கு ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு 19,650 வெள்ளி. புதிய காருக்கும் இதற்கும் ஆண்டுக்கு 3,475 வெள்ளிதான் வேறுபாடு.

சிங்கப்பூருக்கு வெளியே இந்தக் கணக்கு வேறு மாதிரி இருக்கும். மற்ற ஊர்களில் காரின் மதிப்பு முதல் சில ஆண்டுகளில் கடகடவென்று சரியும். ஆறு ஆண்டு கழித்து வாங்குபவர் அந்தச் சரிவின் பலனை அனுபவிப்பார். இங்கே காரின் விலையில் பெரும்பகுதி காருக்கானதே அல்ல, காலத்துக்கானது. சிஓஇ விலை ஏறும்போது, 2019-இல் குறைந்த விலைக்கு வாங்கிய சான்றிதழின் எஞ்சிய ஆண்டுகளும் இன்றைய விலைக்கே விற்கப்படுகின்றன. ஆகவே பழைய சொகுசுக் காரை வாங்குபவருக்குத் தேய்மானத்தில் கிடைக்கும் சேமிப்பு சொற்பம். ஆனால் உத்தரவாதம் தீர்ந்துபோன எஞ்சினும் கியர்பாக்ஸும் மின்னணுப் பெட்டிகளும் முழுக்க அவர் தலையில் விழுகின்றன. அந்த 3,475 வெள்ளியை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் பழுதுச் செலவைச் சமாளிக்க முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

என் அனுபவத்தில் முடியவில்லை. 2018-இல் ஏழு வயதான ஓர் ஐரோப்பியக் காரை வாங்கி, சான்றிதழ் முடியும்வரை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தேன். முத்திரையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அந்த வயதில் அது அந்த முத்திரைக்கு மட்டுமே உரிய குறையும் அல்ல. முதல் ஆண்டில் தீவு விரைவுச்சாலையில், அலுவலகம் விட்டு வரும் நேரத்தில், மழையில், மின்சார வாட்டர் பம்ப் நின்றுபோனது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. வெப்பநிலை விளக்கு எரிந்து இரண்டு நிமிடங்களில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாலையோரம் நின்றேன். விரைவுச்சாலையில் பழுதாகி நிற்கும் வாகனங்களை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்புக் குழுவினர் அருகிலுள்ள கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துச் சென்று விடுவார்கள். அங்கிருந்து பட்டறைக்கு இழுவை வண்டி என் செலவு. பம்ப், தெர்மோஸ்டாட், இழுவை எல்லாம் சேர்த்து 1,850 வெள்ளி. அடுத்து எண்ணெய்க் கசிவுக்காக கேஸ்கெட்டுகள் மாற்ற 1,200. கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு 3,900. குளிர்சாதனத்தின் எவாப்பரேட்டர் ஓட்டையாகி, டேஷ்போர்டு முழுவதையும் கழற்றி மாற்ற 1,600. மொத்தம் 8,550 வெள்ளி, ஆண்டுக்கு 2,850. வழக்கமான சர்வீஸ், டயர், பேட்டரி எதுவும் இதில் சேரவில்லை. கார் பட்டறையில் கிடந்த நாள்கள் இருபத்துமூன்று.

பணத்தைவிட அந்த இருபத்துமூன்று நாள்களைத்தான் அத்தான் அதிக நேரம் யோசித்தார். எனக்கு அவை டாக்சி பிடித்து அலுவலகம் போன நாள்கள், அவ்வளவே. அவருடைய அம்மாவுக்கு டயாலிசிஸ் தவறக் கூடாது. சக்கர நாற்காலியோடு ஒரு முதியவரை மழைநேரத்தில் வாடகைக் காரில் ஏற்றி இறக்குவது எவ்வளவு சிரமம் என்பதைச் செய்து பார்த்தவர்களே அறிவார்கள்.

ஏன் பழுதாகின்றன

ஜெர்மன் கார்கள் மோசமாகச் செய்யப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் நூற்று இருபது கிலோமீட்டர் வேகத்தில் அவை காட்டும் உறுதியை மற்ற கார்களில் நான் உணர்ந்ததில்லை. பிரச்சினை, அவை எப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதற்கும் நாம் இங்கே எப்படி ஓட்டுகிறோம் என்பதற்கும் இடையிலான பொருத்தமின்மையில் இருக்கிறது. சிறிய எஞ்சினிலிருந்து அதிகத் திறனைப் பெற டர்போ பொருத்தப்படுகிறது; எடையைக் குறைக்கக் குளிர்விக்கும் குழாய்களும் இணைப்புகளும் எண்ணெய் வடிகட்டியின் உறையும் பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. எஞ்சின் அறைக்குள் வெப்பம் அதிகம்; வெளியே ஆண்டு முழுவதும் முப்பது டிகிரியைத் தொடும் ஈரமான காற்று; ஓட்டமோ பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள், சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று. பிளாஸ்டிக்கும் ரப்பரும் இந்தச் சூழலில் சீக்கிரம் இறுகி வெடிக்கின்றன. முதல் ஐந்து ஆண்டுகளில் இது தெரியாது. ஆறாம் ஆண்டிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியத் தொடங்கும்.

இவற்றோடு, குறிப்பிட்ட சில எஞ்சின்களுக்கும் கியர்பாக்ஸ்களுக்கும் உரிய, உலகமறிந்த பலவீனங்களும் உண்டு. பிஎம்டபிள்யூவின் 'என்20' எஞ்சினில் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் நொறுங்குவதும், மெர்சிடிஸின் 'எம்271' எஞ்சினில் செயினும் அதன் பற்சக்கரங்களும் தேய்வதும் பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஏழு கியர் உலர் கிளட்ச் கியர்பாக்ஸுக்காக 2013-இல் உலகளவில் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆவ்டியின் சிறிய மாடல்களிலும் அதே வகைக் கியர்பாக்ஸ் இருந்தது. 2019 மாடல்களில் இவற்றில் பல கடந்துபோய்விட்டன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆகையால் முத்திரையை மட்டும் பார்த்து நல்லது கெட்டது என்று முடிவுசெய்வது பயனற்றது. எஞ்சினின் குறியீட்டையும் கியர்பாக்ஸின் வகையையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கென உள்ள பழுதுகளைத் தேடிப் படிப்பதே பயன் தரும்.

பராமரிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பல ஐரோப்பியக் கார்களின் கையேட்டில் கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றவே வேண்டாம் என்ற தொனி இருக்கும். ஆனால் அந்தக் கியர்பாக்ஸ்களைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. முதல் உரிமையாளர் ஐந்து ஆண்டுகளில் விற்றுவிடுவார் என்பதால் அவர் கவலைப்படமாட்டார். இரண்டாம் உரிமையாளர் கவலைப்பட்டே ஆக வேண்டும்.

முகவரின் பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இப்போது தளர்ந்திருக்கிறது. வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தாலே உத்தரவாதம் போய்விடும் என்ற நிபந்தனையை, சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டதன் பேரில், கார் முகவர்கள் 2017-இல் நீக்க ஒப்புக்கொண்டார்கள். சின் மிங், காக்கி புக்கிட், ஊபி வட்டாரங்களில் ஒரே முத்திரையை மட்டும் பார்க்கும் நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களிடம் போனால், முத்திரை பொறிக்காத அதே தயாரிப்பாளரின் உதிரிபாகங்களைக் குறைந்த விலைக்குப் போட்டுத் தருவார்கள். பழைய ஜெர்மன் கார் வாங்குவதென்றால், காரைத் தேடுவதற்கு முன் அப்படியொரு மெக்கானிக்கைத் தேடிக்கொள்ள வேண்டும். நான் வரிசையை மாற்றிச் செய்தேன். முதலில் கார், பிறகு மெக்கானிக். அதனால் முதல் ஆண்டில் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி தேவையற்றது.

ஆறு வயது லெக்சஸ்

லெக்சஸ், டொயோட்டாவின் சொகுசு முத்திரை. அதே ஆண்டில் பதிவான, 38,000 வெள்ளி மதிப்புள்ள ஒரு லெக்சஸ் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள) செடானுக்கு 108,000 வெள்ளி கேட்டார்கள். அதன் கூடுதல் பதிவுக் கட்டணம் 45,200. திரும்ப வருவது 22,600. எனவே ஆண்டுத் தேய்மானம் 21,350 வெள்ளி. அதே வயது ஜெர்மன் காரைவிட ஆண்டுக்கு 1,700 வெள்ளி அதிகம். மதிப்பில் குறைந்த கார், விலையில் அதிகம். அத்தானுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. ஆனால் இந்த 1,700 வெள்ளியில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சந்தை முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை. லெக்சஸ் அடிக்கடி பட்டறைக்குப் போகாது என்பதற்கு அது முன்கூட்டியே விலை போட்டிருக்கிறது.

அந்த விலை நியாயமானதா என்று பார்ப்போம். அத்தான் ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுவார். ஜெர்மன் காரின் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின் நகரத்துக்குள் நூறு கிலோமீட்டருக்கு ஒன்பதரை லிட்டர் குடித்தால் 1,425 லிட்டர். ஹைபிரிட் ஐந்தரை லிட்டர் என்றால் 825 லிட்டர். லிட்டர் மூன்று வெள்ளி என்று சுற்றாக வைத்தால் 1,800 வெள்ளி மிச்சம். டர்போவுக்கு 98 ஆக்டேன் ஊற்றச் சொல்லியிருந்தால் வேறுபாடு இன்னும் கூடும்; 2021 பிப்ரவரியிலிருந்து அந்த வகைப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 79 காசு வரி, 95-க்கு 66 காசு. மறுபக்கம், சாலை வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது. 1,998 சிசி எஞ்சினுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,210 வெள்ளி, லெக்சஸின் 2,487 சிசி எஞ்சினுக்கு ஏறத்தாழ 1,783. இங்கே 573 வெள்ளி கூடுதல். கூட்டிக் கழித்தால், பழுதுச் செலவைக் கணக்கிலேயே எடுக்காமல் லெக்சஸ் ஆண்டுக்கு 473 வெள்ளிதான் அதிகம். எனக்கு ஆண்டுக்கு 2,850 வெள்ளி பழுதுச் செலவு வந்தது. அதில் ஆறில் ஒரு பங்கைத் தவிர்த்தாலே லெக்சஸ் மலிவாகிவிடுகிறது.

இயந்திர அமைப்பிலும் இதற்குக் காரணம் இருக்கிறது. டொயோட்டாவின் ஹைபிரிட் அமைப்பில் டர்போ இல்லை. வழக்கமான கியர்பாக்ஸ் இல்லை, கிளட்ச் இல்லை. பற்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களும்தான். நின்று நின்று போகும் போக்குவரத்தில் தேய வேண்டியவை குறைவு. பிரேக்கிலும் மோட்டார்கள் பாதி வேலையைச் செய்வதால் பிரேக் பேடுகள் நெடுநாள் வரும். நம் ஊரில் டாக்சிகள் பல ஹைபிரிட் டொயோட்டாக்களாக இருப்பதை எவரும் பார்த்திருப்பார்கள். நாள் முழுதும் ஓடிப் பிழைக்க வேண்டிய வண்டிகள் அவை. பயப்பட வேண்டியது பெரிய பேட்டரிக்குத்தான். அது பழுதானால் சில ஆயிரம் வெள்ளி ஆகும். பின்னிருக்கைக்கு அருகே அதைக் குளிர்விக்கும் விசிறியின் வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பது சின்ன வேலை. பேட்டரியின் ஆயுளை அது பாதிக்கும்.

லெக்சஸில் குறை எனக்குத் தென்பட்டது வேறோர் இடத்தில். செடானின் இருக்கை தாழ்வாக இருக்கிறது. முழங்காலை மடக்க முடியாத ஒருவரைச் சக்கர நாற்காலியிலிருந்து அதில் உட்காரவைப்பது கடினம். அதே முத்திரையின் உயரமான மாடலையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மற்ற வழிகள்

சான்றிதழ் புதுப்பித்த பத்து வயதுக் கார்களும் கண்ணில் பட்டன. கடந்த மூன்று மாதச் சராசரிக் கட்டணத்தைச் செலுத்தினால் பத்து ஆண்டுக்கும், பாதி செலுத்தினால் ஐந்து ஆண்டுக்கும் நீட்டிக்கலாம். ஐந்து ஆண்டுக்கு நீட்டித்ததை மறுபடி நீட்டிக்க முடியாது. சராசரி 115,000 என்றால் எப்படிப் பார்த்தாலும் ஆண்டுக்கு 11,500. ஆனால் நீட்டித்த கணமே பார்ஃப் தொகை போய்விடும். 40,000 வெள்ளி மதிப்புள்ள 2015-ஆம் ஆண்டுக் காருக்கு அது 24,000 வெள்ளி. ஐந்து ஆண்டில் அதைப் பங்கிட்டு அந்த 11,500-உடன் கூட்டினால் ஆண்டுக்கு 16,300 ஆகிறது. பதினோராம் ஆண்டிலிருந்து சாலை வரியும் பத்துப் பத்து விழுக்காடாக ஏறி ஐம்பது விழுக்காடு கூடுதலில் நிற்கும், பரிசோதனையும் ஆண்டுதோறும். தேய்மானம் குறைவுதான், மறுக்கவில்லை. கைவேலை தெரிந்தவருக்கும், கார் நின்றாலும் வேலை நிற்காதவருக்கும் இது ஏற்றது. டயாலிசிஸுக்கு ஆள் கூட்டிச் செல்பவருக்கு ஏற்றதல்ல.

சொகுசு மின்வாகனம் தனிக் கட்டுரைக்குரியது. 2025-இல் பதிவான மின்வாகனத்துக்குக் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் 40,000 வெள்ளி வரை சலுகை இருந்தது. ஆனால் பார்ஃப், சலுகை போகச் செலுத்திய தொகைக்கே கணக்கிடப்படுவதால், பத்தாம் ஆண்டில் திரும்ப வருவதும் குறையும். நாற்பதாயிரம் சலுகை உண்மையில் இருபதாயிரமே. பேட்டரிக்குப் பல தயாரிப்பாளர்கள் எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். சான்றிதழோ பத்து ஆண்டு. எட்டாம் ஆண்டில் விற்றுவிட மனமுள்ளவருக்கு நல்ல தேர்வு. ஈப்போ பயணங்களில் சார்ஜ் போடுவதைத் திட்டமிட அத்தானுக்குப் பொறுமை இல்லை என்று அக்காவே சொல்லிவிட்டார்.

கடனில் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புதிய காரின் பக்கம் தராசு சாய்ந்துகொண்டிருந்தபோது அதுதான் எதிர்ப்பக்கம் இழுத்தது. மதிப்பு 20,000 வெள்ளியைத் தாண்டிய காருக்கு விலையில் 60 விழுக்காடு வரைதான் கடன், ஏழு ஆண்டுக்குள் அடைக்க வேண்டும். 260,000 வெள்ளிக் காருக்கு 104,000 ரொக்கம் வேண்டும். மீதி 156,000-க்கு 2.8 விழுக்காட்டு நிலையான வட்டி என்றால் ஏழு ஆண்டில் வட்டி மட்டுமே 30,576. முதல் நாள் அசலுக்கே ஏழு ஆண்டும் வட்டி போடும் முறை என்பதால் உண்மையான வட்டி அந்த 2.8-ஐவிடக் கணிசமாக அதிகம். அந்த 104,000 வெள்ளி அத்தானின் சேமிப்பில் பெரும்பங்கு. அதைத் தொட நான் சம்மதிக்கவில்லை. அவரிடம் இதுவரை சொந்தக் கார் இல்லாததால் காப்பீட்டில் கோரிக்கையின்மைக் கழிவும் கிடையாது. ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக ஏறி ஐம்பது விழுக்காட்டை எட்ட ஐந்து ஆண்டு ஆகும். புதிய விலையுயர்ந்த காருக்கு முதல் ஆண்டுப் பிரீமியம் முழுச்சுமையாக விழும்.

எனவே என் தீர்ப்பு இது. சேமிப்பைத் தொடாமல் ரொக்கம் கொடுக்க முடிந்தவர், ஐந்து ஆண்டு உத்தரவாதம் தரும் முகவரிடம் புதிய ஜெர்மன் காரை வாங்கி, உத்தரவாதம் முடியும்போது விற்றுவிடலாம்; பழுதின் கவலையே இல்லாமல் நல்ல காரை அனுபவிப்பார். நம்பகமான மெக்கானிக்கும், வீட்டில் இன்னொரு போக்குவரத்து வழியும் உள்ளவர், ஆண்டுக்கு மூவாயிரம் வெள்ளியைப் பழுதுக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டு ஆறு வயது ஜெர்மன் காரை வாங்கலாம். அத்தான் இவ்விரண்டு வகையிலும் சேரமாட்டார். அவருக்கு நான்கு ஆண்டு சான்றிதழ் மிச்சமுள்ள லெக்சஸ் ஹைபிரிட்தான் சரி. அதிகம் கேட்கும் அந்த 1,700 வெள்ளி அவருடைய அம்மாவின் டயாலிசிஸ் நாள்களுக்குக் கொடுக்கும் பணம்.

முன்பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவற்றையும் பேசி முடித்துவிட்டோம். கூடுதல் பதிவுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை பேர் கைமாறியது என்பதை விற்பவர் வாய்ச்சொல்லாக இல்லாமல் ஆணையத்தின் பதிவிலிருந்து காட்ட வேண்டும். இரவு முழுக்க நின்றிருந்த காரை எங்கள் முன்னால் முதன்முறை ஸ்டார்ட் செய்ய வேண்டும். விகாம் அல்லது எஸ்டிஏ நிலையத்தில் எங்கள் செலவில் பரிசோதிக்க ஒப்புக்கொள்ள வேண்டும், மறுப்பவரிடம் வாங்குவதில்லை. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த குறைபாட்டுப் பொருள் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். ஆனால் வயதுக்கேற்ற தேய்மானத்தைச் சட்டம் குறையாகக் கருதாது என்பதால், பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால்தான் பின்னால் பேச முடியும்.

அடுத்த சனிக்கிழமை உயரமான லெக்சஸ் ஒன்றைப் பார்க்கப் போகிறோம். இந்த முறை அத்தானின் அம்மாவையும் அழைத்துப் போகிறோம். அவர் ஏறி உட்கார்ந்து பார்த்த பிறகே விலையைப் பேசுவது என்று முடிவு.